கால்வலி நிஜம்தான், காரணம் மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 56. ஒன்பது மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதிருந்து இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தேன். ஏழு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். நிறமும் வடிவமும் வேறு. அதே வாரத்தில் என் மைத்துனர், "இந்த மாத்திரையாலதான் எனக்குக் கால் தசையே போச்சு" என்றார். பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் படித்தேன். தசைவலி என்று போட்டிருந்தது. நாலைந்து நாளில் இரண்டு தொடையிலும் வலி ஆரம்பித்துவிட்டது. தசைச் சேதத்தைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை நார்மல். டாக்டர், "எல்லாம் மனசுதான், பேசாம சாப்பிடுங்க" என்கிறார். மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. மனசு நினைத்தால் தொடை வலிக்குமா? அப்படியானால் நான் நடிக்கிறேனா? இனிமேல் அந்தத் தாளையே படிக்கக் கூடாது என்கிறார் மனைவி. நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் ஸ்டாட்டின், அதாவது அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பைக் குறைக்கும் மருந்து, இல்லாமல் நாட்களைக் கடத்துவது ஆபத்து. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 22 சதவீதம் குறைகின்றன. இது சுமார் 1,70,000 பேர் பங்கேற்ற ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் போட்ட கணக்கு. ஆகவே இந்த வாரத்துக்குள் உங்கள் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கூடவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளையும் நிறுத்தியிருந்தால், வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்தது, நீங்கள் நடிக்கவில்லை. "எல்லாம் மனசுதான்" என்று உங்கள் மருத்துவர் சொன்னதில் ஒரு பாதி சரியாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதைச் சொன்ன விதம் தவறு. எதிர்பார்ப்பினால் வரும் வலியும் வலிதான். அதற்கென்று நரம்புப் பாதை இருக்கிறது, ரசாயனம் இருக்கிறது, அதைத் தடுக்கும் மருந்துகூட இருக்கிறது. ஆகவே வலி நிஜமா பொய்யா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அதைக் கிளப்பியது மாத்திரையில் உள்ள மருந்தா, மாத்திரையைப் பற்றிய எதிர்பார்ப்பா என்பதுதான் கேள்வி. அதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தால் சோதனையை மன உளைச்சல் இல்லாமல் செய்வீர்கள்.

தொடைத் தசையில் கிளம்பும் வலிச் சமிக்ஞை முதலில் தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதிக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து அப்படியே மேலே ஏறிவிடுவதில்லை. மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புகளும் அதே இடத்தில்தான் முடிகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல் புறணியில் தொடங்கி, நடுமூளையின் சாம்பல் பகுதி, முகுளம் வழியாக இந்தப் பாதை தண்டுவடத்தை அடைகிறது. ஏறி வரும் சமிக்ஞையை இதனால் அடக்கவும் முடியும், தூக்கிவிடவும் முடியும். எதை எதிர்பார்க்கிறோம் என்ற தகவலை முன்மடல் புறணி இந்தப் பாதையில்தான் கீழே அனுப்புகிறது. 2009இல் வந்த ஒரு ஆய்வில், மருந்தே இல்லாத களிம்பை வலிநிவாரணி என்று சொல்லிக் கையில் தடவிவிட்டுச் சூடு வைத்தார்கள். தண்டுவடத்தை ஸ்கேன் செய்தபோது, பின்கொம்பிலேயே செயல்பாடு குறைந்திருந்தது. 2013இல் வலியைக் கூட்டும் களிம்பு என்று சொல்லித் தடவினார்கள். தண்டுவடத்தில் செயல்பாடு கூடியது. அதாவது, சமிக்ஞை மூளையை எட்டும் முன்பே, தண்டுவட மட்டத்திலேயே எதிர்பார்ப்பு கைவைத்துவிடுகிறது. இதைக் "கற்பனை" என்று ஒதுக்க முடியாது.

ரசாயனத்துக்கு வருவோம். 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர், கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெற்று ஊசியிலேயே சிலருக்கு வலி குறைந்தது. நலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் அந்த நிவாரணம் போய்விட்டது. நலாக்சோன் மார்ஃபின் வகை மருந்துகளைத் தடுப்பது. அப்படியானால் வெற்று ஊசி வேலை செய்ததற்குக் காரணம், உடல் தானே சுரந்த மார்ஃபின் போன்ற பொருட்கள், அதாவது எண்டார்ஃபின்கள். நல்லதை எதிர்பார்ப்பதால் வெற்று மருந்தும் பலன் தருவதுதான் பிளாசிபோ விளைவு. அதை மனப்பிரமை என்று சொல்லிவந்த காலம் இந்தச் சோதனையோடு முடிந்திருக்க வேண்டும். பல மருத்துவமனை அறைகளில் இன்னும் முடியவில்லை என்பது வருத்தமான விஷயம்.

உங்கள் பிரச்சினை இதன் மறுபக்கம். கெட்டதை எதிர்பார்ப்பதால் கெட்டது நடப்பதை நோசிபோ விளைவு என்கிறோம். எண்டார்ஃபின் குறைந்துபோவது மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம். இதற்குத் தனிப் பாதை உண்டு. இத்தாலியைச் சேர்ந்த பெனடெட்டியின் குழு, வலி கூடும் என்று சொல்லி வெற்று மருந்து கொடுத்தபோது வலி கூடியதைக் கண்டது. கோலிசிஸ்டோகைனின் என்ற நரம்புக் கடத்தியைத் தடுக்கும் புரோகுளுமைடு கொடுத்தபோது அந்தக் கூடுதல் வலி வரவில்லை. 2006இல் அதே குழு இன்னொரு படி மேலே போனது. பதற்றத்தைக் குறைக்கும் டயாசிபாம் கொடுத்தால், கூடுதல் வலியும் கார்டிசால் போன்ற பதற்ற ஹார்மோன்களின் ஏற்றமும் இரண்டுமே அடங்கின. புரோகுளுமைடு வலியை மட்டும் அடக்கியது. ஹார்மோன்கள் ஏறியபடியே இருந்தன. ஆக, "இது என்னை என்ன செய்யப்போகிறதோ" என்ற பயம் முதலில் வருகிறது, அந்தப் பயம் கோலிசிஸ்டோகைனின் வழியாக வலியாக மாறுகிறது. உங்களைப் பொறுத்தவரை இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: முதல் படியான பயத்தைக் குறைத்தால் வலியும் குறையும். அதற்குப் புரோகுளுமைடோ டயாசிபாமோ தேவையில்லை. அவை ஆய்வுக்கூடத்துக் கருவிகள் மட்டுமே.

எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்ட ஒரே ஒரு சோதனையைச் சொல்லச் சொன்னால், 2011இல் பிங்கலும் குழுவினரும் செய்ததைச் சொல்வேன். ஆரோக்கியமான 22 பேருக்குக் காலில் சூடு வைத்து வலியை 0 முதல் 100 வரை மதிப்பிடச் சொன்னார்கள். மருந்து இல்லாதபோது சராசரி 66. பிறகு ரெமிஃபென்டானில் என்ற வலுவான வலிநிவாரணியை அவர்களுக்குத் தெரியாமல் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள்: 55. "இப்போது மருந்து ஏறுகிறது" என்று சொன்னார்கள். மருந்தின் அளவு துளியும் மாறவில்லை: 39. "மருந்தை நிறுத்திவிட்டோம், வலி கூடலாம்" என்றார்கள். உண்மையில் மருந்து அதே அளவில் ஏறிக்கொண்டே இருந்தது: 64. வலுவான ஒரு மருந்து ரத்தத்தில் முழு அளவில் இருக்கும்போதே, ஒரு வாக்கியம் அதன் பலனைக் கிட்டத்தட்ட முழுவதும் அழித்துவிட்டது.

வலி கூடும் இந்த வழியைத் தவிர இன்னொன்றும் உண்டு; அது இன்னும் சாதாரணமானது. 56 வயது உடம்பில் தொடை பிடிப்பது, கெண்டைக்கால் இழுப்பது, முதுகு வலிப்பது எல்லாம் வந்து போகும். வழக்கமாக அவற்றை மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தசைவலி வரும் என்று படித்த பிறகு, மூளை தொடையைக் கவனிக்கத் தொடங்குகிறது. முன்பு கண்டுகொள்ளாததெல்லாம் பதிவாகிறது. பதிவானதெல்லாம் மாத்திரையின் தலையில் விழுகிறது. இதில் உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. கவனம் அப்படித்தான் வேலை செய்யும்.

உங்கள் கடிதத்தில் மூன்று தூண்டுதல்கள் ஒரே வாரத்தில் வந்திருக்கின்றன. மூன்றுமே ஆய்வுகளில் பார்க்கப்பட்டவை.

மாத்திரையின் தோற்றம் மாறியது முதலாவது. 2007இல் நியூசிலாந்தில் ஒரு தைராய்டு மாத்திரையின் தயாரிப்பை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். உள்ளே இருந்த தைராக்சின் அதேதான். மருந்தல்லாத சேர்மானங்களும் தோற்றமும்தான் மாறின. முந்தைய 30 ஆண்டுகளில் மொத்தம் 14 பக்கவிளைவுப் புகார்கள் வந்த மாத்திரைக்கு, அடுத்த 18 மாதங்களில் 1,400ஐத் தாண்டி வந்தன. உங்களுக்கும் ஏழு மாதம் அதே அட்டோர்வாஸ்டாட்டின் அதே 40 மில்லிகிராமில் ஒத்துப்போயிருக்கிறது. கம்பெனி மாறிய வாரத்தில் மருந்தே புதிதாகத் தசையைத் தாக்கத் தொடங்கியிருக்கும் என்பதற்கு வாய்ப்பு குறைவு. ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மைத்துனர் சொன்னது இரண்டாவது. இன்னொருவருக்கு நடப்பதைப் பார்த்து, கேட்டு உண்டாகும் எதிர்பார்ப்பு, நாமே அனுபவித்து உண்டானதற்கு ஏறத்தாழ இணையான பலத்தோடு வேலை செய்யும் என்று கோலோகாவும் பெனடெட்டியும் 2009இல் பிளாசிபோ விஷயத்தில் காட்டினார்கள். சொல்கிறவர் நெருங்கிய உறவினராக இருந்தால் நாம் எவ்வளவு காது கொடுப்போம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது அந்தத் தாள். 2003இல் வெளிவந்த ஒரு ஆய்வில், புதிதாக இதய ரத்தநாள நோய் கண்டறியப்பட்ட 96 ஆண்களுக்கு அட்டனோலால் என்ற இதய மருந்தைக் கொடுத்தார்கள். மருந்தின் பெயரே சொல்லப்படாதவர்களில் விறைப்புக் குறைபாடு 3.1 சதவீதம். பெயர் மட்டும் சொல்லப்பட்டவர்களில் 15.6 சதவீதம். பெயரோடு இந்தப் பக்கவிளைவும் சொல்லப்பட்டவர்களில் 31.2 சதவீதம். மருந்து ஒன்று, அளவு ஒன்று.

இனி ஸ்டாட்டினுக்கே வருகிறேன். உங்கள் நிலைமைக்கு அச்சாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2020இல் வெளியிட்ட சாம்சன் ஆய்வு அது. ஸ்டாட்டின் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் தொந்தரவு தாங்காமல் நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 புட்டிகள், மாதம் ஒன்று. நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. ஸ்டாட்டினா வெற்று மாத்திரையா என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. தினமும் தொந்தரவை 0 முதல் 100 வரை கைப்பேசியில் பதிய வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8.0. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டால் தொந்தரவு இரண்டு மடங்காகிறது என்று அவர்கள் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. இன்னொன்று உங்களுக்கு மிகவும் முக்கியம்: மாத்திரையை நிறுத்தியதும் கிடைத்த நிம்மதி, ஸ்டாட்டினை நிறுத்தினாலும் வெற்று மாத்திரையை நிறுத்தினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆகவே "நிறுத்தினேன், வலி பாதியானது" என்பதை வைத்து மருந்துதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுத முடியாது. தாங்கள் பதிந்த எண்களின் வரைபடத்தைத் தாங்களே பார்த்த பிறகு, அந்த 60 பேரில் 30 பேர் ஆறு மாதத்துக்குள் ஸ்டாட்டினை மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

அதற்காக ஸ்டாட்டின் தசையை ஒன்றுமே செய்யாது என்று சொன்னால் அதுவும் பொய். 2022இல் வந்த பெரிய கூட்டு ஆய்வில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 19 சோதனைகளின் கணக்கைச் சேர்த்தார்கள். தசைவலியோ பலவீனமோ சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 26.6 சதவீதம். வித்தியாசம் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். அந்த வருடத்திலும் ஸ்டாட்டின் சாப்பிட்டு வலி என்றவர்களில் ஏறக்குறைய 15இல் ஒருவருக்குத்தான் மருந்து காரணம். அந்த 15இல் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். அதனால்தான் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சோதிக்கும் முன், ஆபத்தான நிலை இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, படி ஏறக் கால் வரவில்லை, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகிறது என்றால் அது வேறு விஷயம். தசை சிதைகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகே அளவு இயல்பின் மேல் எல்லையைப்போல் 10 மடங்கைத் தாண்டினாலும் ஸ்டாட்டினை உடனே நிறுத்த வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் பலவீனம் கூடிக்கொண்டே போனால், நோய் எதிர்ப்பு மண்டலமே தசையைத் தாக்கும் அரிய நிலையைத் தேட வேண்டியிருக்கும். உங்களுக்கு வலிதான் இருக்கிறது, பலவீனம் இல்லை, சிகே சரியாக இருக்கிறது. கடிதத்தைப் பார்த்தவரை இந்த வரிசையில் நீங்கள் இல்லை.

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான்: வலி தொடங்கிய சமயத்தில் வேறு மருந்து ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா? கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து இரண்டும் அட்டோர்வாஸ்டாட்டின் ரத்தத்தில் தேங்கும்படி செய்யும். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்ந்தாலும் தசைக்கு ஆபத்து கூடும். அப்படி ஒன்றைச் சாப்பிட்டிருந்தால் கதையே மாறும். மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இதே தொடைவலி வரும், ஸ்டாட்டினின் தொந்தரவும் கூடும். ஆகவே தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி-யையும் பார்த்துவிடலாம்.

வலியின் குணமும் கொஞ்சம் சொல்லும். மருந்தால் வருவது பொதுவாக இரண்டு பக்கமும் சமமாக, தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில், மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வரும். நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் போய்விடும். ஒரு காலில் மட்டும், மூட்டில், அல்லது முதுகிலிருந்து சுரீரென்று இறங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். உங்கள் வலி இரண்டு தொடையிலும் இருப்பது மருந்துக்கு ஆதரவான சாட்சி. அளவு மாறாமல் ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டு வந்தது எதிரான சாட்சி.

இனி செய்ய வேண்டியது. இன்று இரவே ஒரு நோட்டை எடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஒரு முறை, அன்றைய தொடைவலிக்கு 0 முதல் 100 வரை ஒரு எண் போடுங்கள். பக்கத்தில் முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று வழக்கத்தைவிட அதிகம் நடந்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை, மாத்திரை இல்லாத இந்தச் சில நாட்களின் எண்கள்தான் உங்கள் அடிப்படை. பெரும்பாலானோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களை மட்டும் குறித்துக்கொண்டு, அது இல்லாதபோதும் உடம்பு எவ்வளவு வலித்தது என்பதைப் பதிவதே இல்லை. சாம்சன் ஆய்வில் காலிப் புட்டி மாதங்களிலும் 8 புள்ளி இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கும் பூஜ்யம் வராது.

எண்ணைப் போட்ட பிறகு நோட்டை மூடிவிடுங்கள். நாளெல்லாம் தொடையை அழுத்திப் பார்ப்பது, ஒவ்வொரு படியிலும் வலிக்கிறதா என்று கவனிப்பது, முந்தின நாள் எண்ணைப் புரட்டிப் பார்ப்பது எல்லாமே சோதனையைக் கெடுக்கும். கவனமே வலியைக் கூட்டும் என்று மேலே பார்த்தோம்.

மருத்துவரிடம் மறுபடி தொடங்குவதைப் பற்றிப் பேசும்போது, பழைய அளவுக்கே போக வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாட்டினின் அளவை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான். அதாவது 40இலிருந்து 20க்கு இறங்கினால் இழப்பது மிகக் கொஞ்சம். 20 மில்லிகிராமோடு எசெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தால் அந்த இழப்பை ஈடுகட்டி அதற்கு மேலும் குறையும். எசெட்டிமைப் வேறு வழியில், குடலில் வேலை செய்யும் மருந்து. அல்லது ரோசுவாஸ்டாட்டின் 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கலாம். இரண்டில் எது என்பது மருத்துவரின் முடிவு. என் கருத்தைக் கேட்டால், உங்களுக்கு வேறு ஸ்டாட்டினே மேல். அந்த மாத்திரையின் பெயரோடு மைத்துனரின் வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய பெயருக்கு அந்தச் சுமை இல்லை. எதைத் தொடங்கினாலும் சோதனைக் காலம் முழுவதும் ஒரே கம்பெனி மாத்திரையாக வாங்குங்கள். கடையில் மாற்றிக் கொடுத்தால் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று பார்த்து, மாறிய தேதியை நோட்டில் குறித்துவிடுங்கள்.

முதல் இரண்டு வார எண்களை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பயம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். மூன்றாம், நான்காம் வாரச் சராசரியை அடிப்படைச் சராசரியோடு ஒப்பிடுங்கள். எத்தனை புள்ளி கூடினால் மருந்தை மாற்றுவது என்பதைத் தொடங்கும் முன்பே மருத்துவருடன் பேசி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வலிக்கும் ஒரு இரவில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் சரியாக இருக்காது. ஆறு வாரத்தில் எல்டிஎல் பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே வர வேண்டும் என்பது 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல். வராவிட்டால் அளவைக் கூட்டலாம், எசெட்டிமைப் சேர்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டாட்டின்களில் இதேபோல் ஒழுங்காகச் சோதித்தும் வலி திரும்பத் திரும்ப வந்தால், எல்டிஎல்லைக் குறைக்க ஸ்டாட்டின் அல்லாத பெம்படோயிக் அமிலம், பிசிஎஸ்கே9 ஊசி போன்ற வழிகள் உள்ளன. அந்த நிலைக்கு வந்தவரை யாரும் "மனசுதான்" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

வெற்று மாத்திரை கலந்து சாம்சன் ஆய்வை வீட்டிலேயே செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. உங்களுக்கு வேண்டாம். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் மாதக்கணக்கில் வெற்று மாத்திரையில் இருப்பது நியாயமான விலை அல்ல.

இதைப் படித்துவிட்டு, "எதிர்பார்ப்புக்கு இவ்வளவு பலம் இருந்தால் நல்லதையே நினைத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிடலாமே" என்று தோன்றலாம். கூடாது. எதிர்பார்ப்பு உணர்வை மாற்றும்: வலி, குமட்டல், சோர்வு, மூச்சுத்திணறல் என்ற உணர்வு. 2011இல் ஆஸ்துமா நோயாளிகளிடம் செய்த ஆய்வு இந்த எல்லையைத் தெளிவாகக் காட்டியது. உண்மையான இன்ஹேலரில் நுரையீரலின் ஊதும் திறன் 20 சதவீதம் கூடியது. வெற்று இன்ஹேலரில் 7 சதவீதம். எதுவுமே கொடுக்காதபோதும் அதே 7. ஆனால் "எவ்வளவு சுகம்" என்று கேட்டதற்கு உண்மையான இன்ஹேலர் 50 சதவீதம், வெற்று இன்ஹேலர் 45 சதவீதம் முன்னேற்றம் என்றார்கள். சுகமாக உணர்ந்தார்கள், மூச்சுக்குழாய் விரியவில்லை. எல்டிஎல்லும் ரத்தக்குழாயில் படியும் கொழுப்பும் அப்படித்தான். அவற்றைக் குறைக்க மாத்திரை உள்ளே போக வேண்டும்.

உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். தாளைப் படிக்கக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கறுத்த சிறுநீர் வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது போன்றவை உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். படிக்கும் முறையை மாற்றினால் போதும். பல நாடுகளின் தாள்களில் உள்ள சொற்களுக்கு அளவு உண்டு. "பொதுவானது" என்றால் நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை. "அரிதானது" என்றால் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவர் வரை. அட்டோர்வாஸ்டாட்டினுக்குத் தசைவலி முதல் வகை, தசைச் சிதைவு இரண்டாவது வகை. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் எத்தனை பேர் அதையே சொன்னார்கள் என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. அதே பட்டியலில் மூக்கு, தொண்டை அழற்சியும், அதாவது சாதாரண ஜலதோஷம் போன்றதும், "பொதுவானது" என்ற வரிசையில் இருக்கிறது. தசைவலி வரியைப் படித்துப் பயப்படும் யாரும் ஜலதோஷ வரியைப் படித்துத் தும்முவதில்லை; அதையும் சேர்த்துப் படியுங்கள். நூற்றில் பத்துப் பேருக்கு வரும் என்பதை, தொண்ணூறு பேருக்கு வராது என்று ஒரு முறை மாற்றியும் வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தகவல்தான். மூளை இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் ஒரு உதவி கேளுங்கள். "இன்னைக்கு வலிக்குதா?" என்று யாரும் தினமும் விசாரிக்க வேண்டாம். அன்பினால்தான் கேட்பார்கள், ஆனாலும் ஒவ்வொரு கேள்வியும் கவனத்தைத் தொடைக்கே கொண்டுபோகும். வலி அதிகமானால் நீங்களே சொல்வீர்கள் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மைத்துனரிடமும் கோபம் வேண்டாம். அவருடைய வலியும் நிஜம்தான். அவரும் இதே சோதனையைத் தன் மருத்துவருடன் செய்து பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டு, சிகே முடிவு, கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட எல்லா மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். உட்கார்ந்ததும், "நான் ஸ்டாட்டின் சாப்பிடத் தயாராக இருக்கிறேன். வலி மருந்தாலா, எதிர்பார்ப்பாலா என்று தெரியவில்லை. குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ தொடங்கி, நான்கு வாரம் எண் குறித்துக் காட்டுகிறேன். டிஎஸ்ஹெச் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மறுத்துப் பேச வந்தவரிடம் பேசுவதும், சேர்ந்து சோதிக்க வந்தவரிடம் பேசுவதும் மருத்துவருக்கு வேறு வேறு. அதற்குப் பிறகும் "எல்லாம் மனசுதான்" என்ற ஒரு வரியோடு அனுப்பினால், வேறொரு இதய மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.